இரவல் உடம்பு

ரப்பர் மரத்தில் வெட்டுக்கோடு எப்போதும் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்துதான் இருக்கும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேர்செங்குத்தாக ஏறுவதில்லை. சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால் இடமிருந்து வலமாகச் சரியும் கோடுதான் அதிகக் குழாய்களை அறுக்கும், அதிகப் பால் தரும். ஏறக்குறைய 30 பாகைச் சாய்வு, மரத்தின் சுற்றளவில் பாதி நீளம். பால்வெட்டுக்காரர் கோட்டின் மேல்முனையில் உளியை வைத்துப் பட்டையைச் சீவிக்கொண்டே கீழ்முனைக்கு வருவார். கால் வலப்பக்கம் ஓரிரு எட்டு நகரும், இடுப்பு திரும்பும், தோள் தாழும். கீழே பால் விழும் மங்கு. பிறகு அடுத்த மரம். ஒருவர் பங்குக்கு நானூறு, ஐந்நூறு மரம். எல்லா மரத்திலும் அதே சாய்வு, அதே திருப்பம்.

என் அம்மா மலாக்காவில் நியாலாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இப்படித்தான் வெட்டினார். புதுக்கோடு போட்ட மரத்தில் வெட்டு நெஞ்சு உயரத்தில் தொடங்கும். வெட்ட வெட்டக் கோடு இறங்கும். சில வருடத்தில் முழங்காலுக்கு வந்துவிடும். கோடு இறங்க இறங்க அம்மாவும் குனிந்தார். அப்புறம் மரத்தின் மறுபக்கத்தில் புதுக்கோடு, மறுபடி நெஞ்சு உயரம், மறுபடி இறக்கம். பால் எடுக்கிற நேரத்தில் காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளி. அதுவும் பழகிய ஒரே தோளில். வேலையை விட்டு வீட்டோடு இருந்த காலத்தில், இடப்பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் அவர் கழுத்தைத் திருப்ப மாட்டார். கால், இடுப்பு, தோள் எல்லாவற்றையும் மொத்தமாகத் திருப்பிக்கொண்டுதான் பார்ப்பார். வலப்பக்கம் என்றால் சட்டென்று திரும்பிவிடுவார்.

தமிழ்ப்பள்ளியில் உடற்கல்வி சொல்லிக்கொடுத்தவள் நான். உடற்பயிற்சிப் பாடத்தில் உடம்பின் அசைவை மூன்று தளமாகப் பிரிப்பார்கள். முதலாவது முன்பின் தளம்: உடம்பை இடம், வலம் என்று பிளக்கும் ஒரு சுவரை நினைத்துக்கொள்ளுங்கள், அந்தச் சுவரோடு ஒட்டி நடக்கும் அசைவெல்லாம் இதில் சேரும். நடப்பது, குனிவது, உட்கார்ந்து எழுவது, படி ஏறுவது எல்லாம் இதுதான். இரண்டாவது பக்கவாட்டுத் தளம்: காலைப் பக்கமாக எடுத்து வைப்பது, கையைப் பக்கமாக உயர்த்துவது, இடுப்பைச் சாய்ப்பது. மூன்றாவது சுழல் தளம்: கழுத்தைத் திருப்புவது, இடுப்புக்கு மேலே உடம்பை முறுக்குவது, பாதத்தை ஊன்றிச் சுழல்வது.

இப்படிப் பிரிப்பது பாடம் சொல்ல வசதிக்காகத்தான். எந்த அசைவும் ஒரு தளத்துக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. நீங்கள் சும்மா நடக்கும்போதுகூட இடுப்பெலும்பு இப்படியும் அப்படியும் திரும்புகிறது, எதிர்த் தோள் அதற்கு ஈடு கொடுக்கிறது, ஒற்றைக் காலில் நிற்கும் அந்த நொடியில் இடுப்பின் பக்கத்துத் தசை உடம்பு சரியாமல் பிடித்து வைக்கிறது. சைவ சித்தாந்தம் தத்துவங்களை 36 என்று எண்ணுகிறதே, அவையும் ஒன்றையொன்று விட்டுத் தனித்தனியாக அலைவதில்லை. எண்ணிப் பார்த்தால்தான் எது நான், எது நானல்ல என்று பிரித்தறிய முடியும் என்பதற்காகப் பெரியவர்கள் எண்ணினார்கள். தளங்களை எண்ணுவதிலும் அப்படி ஒரு பயன் உண்டு. உடம்பில் எந்தப் பக்கம் உறங்கிப்போய்விட்டது என்று அதனால் கண்டுபிடிக்கலாம்.

இன்றைய உடம்பில் உறங்கிப்போனவை இரண்டாவதும் மூன்றாவதும். தோட்டத்தை விட்டு வந்த எங்கள் பிள்ளைகள் காரில் முன்னே பார்த்து உட்கார்ந்து ஆயர் குரோவுக்கோ மலாக்கா டவுனுக்கோ வேலைக்குப் போகிறார்கள். அங்கே கணினி முன் உட்காருகிறார்கள். மாலையில் ஜிம்முக்குப் போய் ஓடுபொறியில் முன்னோக்கி ஓடுகிறார்கள். எல்லாம் ஒரே தளம். யோகா வகுப்பில் சூரிய நமஸ்காரம் மட்டும் செய்துவிட்டு வருகிறவர்களும் பெரும்பாலும் அதே தளத்தில்தான் இருந்துவிட்டு வருகிறார்கள். குனிந்து நிமிர்வதே அதன் உயிர். முதியவர்கள் நிலை இன்னும் மோசம். இடுப்பெலும்பு முறிவதற்குப் பெரிய காரணம் பக்கவாட்டில் விழுவது. குளியலறையில் துண்டை எடுக்கத் திரும்புகிறபோது, சமையலறையில் ஓர் எட்டுப் பக்கமாக வைக்கிறபோது கால் பின்னிக்கொள்கிறது. முன்னே தடுக்கினால் கை ஊன்றத் தெரிந்த உடம்புக்குப் பக்கமாகச் சரிகையில் என்ன செய்வதென்று தெரிவதில்லை.

அதனால்தான் எங்கள் கோவில் மண்டபத்தில் காலைவேளையில் முதியவர்களைக் கூட்டிவைத்துப் பயிற்சி தொடங்கினேன். தொடங்கிய சில வாரத்திலேயே பெரியவர் ஒருவர் வந்து நின்றார். நல்ல மனிதர், தேவாரம் மனப்பாடமாகச் சொல்வார். "ஆறடி மண்ணுக்குப் போகிற உடம்புக்கு எதுக்கு டீச்சர் இவ்வளவு சிரத்தை? அதுவும் சாமி சந்நிதியில?" என்று கேட்டார். அதே வாரத்தில் இளம்பெண் ஒருத்தி, "டீச்சர், தோப்புக்கரணம் மூளைக்கு ரொம்ப நல்லதாம். நம்ம முன்னோர் எல்லாத்தையும் அறிவியலாத்தான் வச்சிருக்காங்க" என்று பெருமையாகச் சொன்னாள்.

இரண்டு பேச்சும் எனக்கு உறுத்தின. பெரியவருக்கு உடம்பு தூசி. பெண்ணுக்கு வழிபாடு ஒரு பயிற்சி. பிள்ளையார் முன்னால் தோப்புக்கரணம் போடுகிறவன் மூளை வளர்ச்சிக்காகப் போட்டால் பிள்ளையார் அங்கே எதற்கு? வீட்டுக் கூடத்திலேயே போட்டுக்கொள்ளலாமே. அந்தப் பெண்ணுக்கு இவ்வளவுதான் பதில். பெரியவர் கேட்டதுதான் கனமான கேள்வி. அழியப் போகிற ஒன்றைப் பேணுவது பக்தியா, பற்றா?

சித்தாந்தம் இதற்குத் தெளிவாகவே பதில் வைத்திருக்கிறது. தனு, கரணம், புவனம், போகம் என்று நான்கையும் இறைவன் மாயையிலிருந்து ஆக்கி உயிருக்குக் கொடுக்கிறான். தனு என்பது இந்த உடம்பு. ஆணவ இருளில் கிடக்கும் உயிர் வினையை அனுபவித்துப் பக்குவப்பட இந்த உடம்பில்லாமல் வழியே இல்லை. மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 3ஆம் சூத்திரத்தில், உடம்பை ‘என்னுடையது’ என்று சொல்கிற ஒருவன் உள்ளே இருக்கிறான், அவனே உயிர் என்று நிறுவுகிறார். உடம்பை மாயையாலான இயந்திரம் என்கிறார். இயந்திரம் என்றதில் இழிவு ஏதும் எனக்குத் தெரியவில்லை. கொடுத்தவன் ஒருவன் இருக்கிறான், வாங்கிக்கொண்டு பயன்படுத்துகிறவன் ஒருவன் இருக்கிறான் என்பதே அதில் எனக்குக் கேட்கிறது. உடம்பு இரவல்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இரவல் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. லயத்து வீடு தோட்டத்துடையது. வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அதற்காகத் தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிக்காமல் விட்ட வீட்டை நான் பார்த்ததில்லை. வாசலில் செம்பருத்தி இல்லாத வீட்டையும் பார்த்ததில்லை.

திருமூலரின் வரலாற்றைப் பெரியவருக்கு நினைவுபடுத்தினேன். கயிலையிலிருந்து தெற்கே வந்த யோகியார் சாத்தனூரில், மேய்ப்பன் மூலன் இறந்துகிடப்பதையும் பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கதறுவதையும் காண்கிறார். அந்தப் பசுக்களின் துயரம் தீர மேய்ப்பனின் உடம்புக்குள் புகுகிறார். பசுக்களை வீடு சேர்த்துவிட்டு வந்து பார்த்தால் தன் பழைய உடம்பைக் காணோம். சிவன் மறைத்துவிட்டான். அதற்குப் பிறகு திருவாவடுதுறையில் அமர்ந்து அவர் பாடியதெல்லாம் ஒரு மாடு மேய்ப்பவனின் உடம்பிலிருந்து பாடியது. பத்தாம் திருமுறையான திருமந்திரம் முழுவதும் சொல்லுக்குச் சொல் இரவல் உடம்பிலிருந்து வந்தது. அப்படிப்பட்டவர்தான், முன்பு உடம்பை இழுக்கென்று எண்ணியிருந்ததாகவும், உள்ளே உறுபொருள் இருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகவும் சொல்கிறார். மூன்றாம் தந்திரத்தில் யோகத்தையும் ஆசனத்தையும் அவர் வகுத்துச் சொல்வதன் அடிப்படை இதுதான் என்று நான் நம்புகிறேன். தனக்கென்று ஒரு சொந்த உடம்பே இல்லாமல் போனவர் உடம்பைப் பேணு என்று சொன்னால், அதைப் பற்று என்று எப்படித் தள்ளுவது?

பெரியவர் அப்பர் அடியார். அதனால் அப்பரையே சாட்சிக்கு அழைத்தேன். திருவங்கமாலையில் தலை, கண், செவி, மூக்கு, வாய், நெஞ்சு, கை என்று உறுப்பு உறுப்பாக அழைத்து வேலை கொடுக்கிறார் அவர். கோவிலை வலம் வராத உடம்பால் என்ன பயன் என்றும் கேட்கிறார். தள்ளாத வயதிலும், கோவிலில் புல் செதுக்கும் உழவாரத்தைக் கையை விட்டு இறக்காதவர். புல் செதுக்குவது எப்படிப்பட்ட வேலையென்று இங்கே எல்லோருக்கும் தெரியும்: குந்தி உட்கார வேண்டும், பக்கமாக நகர வேண்டும், கையை வீசித் திருப்ப வேண்டும்.

சேக்கிழார் சொல்லும் அவருடைய கயிலைப் பயணத்தை ஓர் உடற்கல்வி ஆசிரியையாக நான் படித்தபோது கண் கலங்கிவிட்டது. பாதம் தேயும்வரை நடக்கிறார். பாதம் போனபின் கையால் ஊன்றித் தவழ்கிறார். கையும் தேய்ந்தபின் மார்பால் ஊர்கிறார். மார்பும் நைந்தபின் புரள்கிறார். நடை, தவழ்தல், ஊர்தல், புரள்தல்: குழந்தை கற்றுக்கொண்டு வந்த வரிசையை அப்படியே பின்னோக்கித் திருப்பிக் கொடுக்கிறார். குப்புற விழுந்து, புரண்டு, ஊர்ந்து, தவழ்ந்து, எழுந்து நடந்தோமே, ஒவ்வொன்றையும் கொண்டுபோய் அவன் காலடியில் வைக்கிறார். கடைசியில் அசைய ஒன்றுமில்லாமல் கிடக்கும்போது முனிவர் வேடத்தில் இறைவன் வந்து, திரும்பிப் போ என்கிறான். ஆண்டவனைக் காணாமல் இந்த அழியும் உடம்போடு திரும்ப மாட்டேன் என்கிறார் அப்பர். உடம்பு அழியும் என்று பெரியவருக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அத்தனையையும் செலவழித்தார். அப்புறம் நடப்பதைத்தான் நாம் வேகமாகப் படித்துக் கடந்துவிடுகிறோம். எழுந்திரு என்ற குரல் கேட்கிறது. ஊனம் நீங்கிய உடம்போடு எழுகிறார். அந்த உடம்போடுதான் பொய்கையில் மூழ்குகிறார், திருவையாற்றில் எழுகிறார், கயிலைக் காட்சியைக் காண்கிறார். கொடுத்த உடம்பை முழுசாகச் செலவழித்தவருக்கு இறைவன் அதை முழுசாகத் திருப்பிக் கொடுத்தான். ஞானக்கண் மட்டும் போதும் என்று உடம்பை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை.

நம் வழிபாட்டை இந்தக் கண்ணோடு பார்த்தால் மூன்று தளமும் அதில் இருக்கின்றன. விழுந்து கும்பிடுவது முன்பின் தளம். கும்மியில் பெண்கள் பக்கமாக அடியெடுத்து வைத்துச் சாய்ந்து கொட்டுகிறார்கள். மாசிமகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குப் போனால் காவடிக்காரர் உறுமிக்கு ஏற்பச் சுழல்வதைப் பார்க்கலாம். அங்கப்பிரதட்சணம் முழுக்க முழுக்கச் சுழல்தான். தலைமுதல் கால்வரை ஓடும் அச்சில் உடம்பு உருளுகிறது. நடராசரின் இடது கால் உடம்பைக் குறுக்கே கடந்து வலப்பக்கம் வீசி நிற்கிறது, இடது கை அதற்கு மேலே அதே பக்கம் நீள்கிறது, வலது முழங்கால் மடங்கி மொத்தப் பாரத்தையும் தாங்குகிறது. மூன்று தளமும் ஒரே வடிவில் நிற்பதை இதைவிட அழகாக எந்தப் பயிற்சிப் புத்தகமும் காட்டியதில்லை. இது நமக்கு மட்டும் உரியதுமில்லை. பக்கத்துக் கம்பத்து மலாய்க்கார அண்டை வீட்டார் தொழுகையில் நின்று, குனிந்து, நெற்றி நிலத்தில் பட வணங்கிவிட்டு, முடிக்கும்போது முகத்தை வலப்பக்கமும் இடப்பக்கமும் திருப்பி சலாம் சொல்கிறார்கள். இறைவன் முன்னால் நிற்கிற உடம்பு தன்னால் முடிந்த எல்லாத் திசையிலும் திரும்பிப் பார்க்க விரும்புகிறது போலும்.

அம்மாவுக்கு வருகிறேன். இந்தக் கேள்வி எனக்கு ஏட்டுக் கேள்வியாக இல்லாமல் போனதற்குக் காரணம் அவர்தான்.

மலாயாவில் வணிகமாக ரப்பர் பயிரிட்ட முதல் ஆள் மலாக்காக்காரர். தான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். அடுத்து அவர் பெரிய அளவில் நட்ட இடம் புக்கிட் அசகான். நியாலாசுக்கு எட்டும் தூரம், எங்களுக்குத் தெரிகிற அதே லேடாங் மலை அங்கேயும் தெரியும். அந்த மரங்களோடு வந்தவர்கள் எங்கள் முன்னோர். 1938இல் இந்தியா தடுக்கும்வரை கங்காணிகள் ஊரிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்தார்கள். விடியலில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு வந்து நின்ற ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ‘என் உடல்’ என்று மெய்கண்டார் சொன்னதை, விடியுமுன் பெரட்டில் வரிசையாக நின்ற ஒருவர் எந்த அளவுக்குச் சொல்லியிருக்க முடியும்? எப்போது எழுவது, எத்தனை மரம், எந்தப் பக்கம் திரும்புவது எல்லாம் வேறு யாரோ முடிவு செய்தார்கள். அந்த உடம்பு ஆண்டவனிடம் வாங்கிய இரவல். ஆனால் இடையில் நின்றவர்கள் அதைத் தங்களுடையதாகக் கணக்கு எழுதிக்கொண்டார்கள். இதை நான் கோபமில்லாமல் எழுத முடியாது.

பால்வெட்டில் மரத்தைப் பார்த்து நின்று வலப்பக்கம் நகர்கிறவர், மரத்தைச் சுற்றுவது இடமாக. அப்பிரதட்சணம். வெள்ளிக்கிழமை மாலையில் அம்மா குளித்து, ஈரத்தலையை முடிந்துகொண்டு, தோட்டத்து மாரியம்மனை மூன்று சுற்று வலமாக வருவார். நாளெல்லாம் ஒரு பக்கம் திரும்பிய உடம்பு அந்த வேளையில் மறுபக்கம் திரும்பியது. பால்வெட்டின் முறுக்கைத் தளர்த்தத்தான் வலம் வருவதை ஏற்படுத்தினார்கள் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். பால்மரம் கப்பலேறி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் வலம் வந்தார்கள். மூன்று சுற்று அவருடைய இடுப்பைச் சரிசெய்துவிடவுமில்லை. நான் சொல்ல வருவது வேறு. அந்த மூன்று சுற்றை யாரும் அவருக்கு அளந்து கொடுக்கவில்லை. அதற்குக் கூலி இல்லை, கணக்கு இல்லை, கணக்கெழுதக் கிராணி இல்லை. அங்கே அவர் ‘என் உடம்பு’ என்று சொல்லி, சொன்ன கையோடு அதைக் கொடுத்தவனிடமே காட்டினார். தன் உடம்பு என்று இருந்தால்தானே ஒருவர் அதை அர்ப்பணிக்க முடியும்? உடம்பைப் பேணுவது பக்தியா, பற்றா என்ற கேள்விக்கு என் பதிலை நான் அங்கேதான் கண்டேன். பேணாத உடம்பைக் காணிக்கை வைக்கிறேன் என்பது, மற்றவர்கள் பயன்படுத்தித் தேய்த்து எறிந்த மிச்சத்தை அவனுக்கு வைப்பது.

மண்டபத்தில் நாங்கள் செய்வது எளிய காரியங்கள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பக்கமாக மூன்று எட்டு, திரும்ப மூன்று எட்டு. ஒற்றைக் காலைப் பக்கமாகத் தூக்கி இறக்குதல். உட்கார்ந்தபடி ஒரு கையை மெல்லப் பின்னால் கொண்டுபோக, மூக்கும் கண்ணும் அந்தக் கையைப் பின்தொடரும். இங்கே ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுவேன்: இடுப்புக்கு மேலே அடிமுதுகு மிகக் கொஞ்சம்தான் திரும்பும், அதைப் போட்டு முறுக்காதீர்கள், நெஞ்சையும் தொடை மூட்டையும் திருப்புங்கள். கழுத்தின் திருப்பத்தில் பாதி மண்டையோட்டுக்குக் கீழுள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் நடக்கிறது, ஆகவே அவசரப்படாதீர்கள். பழைய பால்வெட்டுக்காரப் பெண்களுக்கு இடப்பக்கத் திருப்பம் வராது. கேட்காமலே எனக்குத் தெரியும், யார் எத்தனை காலம் வெட்டினார்கள் என்று. அவர்களை இடப்பக்கம் கூடுதலாகத் திரும்ப வைக்கிறேன். செம்பனைக் குலை வெட்டிய ஆண்களுக்கு வேறு விதம். நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி அண்ணாந்தே நின்ற கழுத்து அது, அவர்களுக்குத் தாடையை உள்ளிழுக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். தலைசுற்றல் உள்ளவர்களையும், மூட்டு மாற்றியவர்களையும் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரச் சொல்கிறேன்.

பயிற்சி முடிந்ததும் எல்லோரும் அம்மனை ஒரு சுற்று வலம் வந்துவிட்டுத்தான் பசியாறப் போவார்கள். பயிற்சியை வழிபாடு என்று நான் சொல்வதில்லை, வலம் வருவதைப் பயிற்சி என்றும் சொல்லவிடுவதில்லை. இரண்டுக்கும் உடம்பு ஒன்று, அவ்வளவே. கேள்வி கேட்ட பெரியவர் இப்போதும் பயிற்சிக்கு வருவதில்லை. ஆனால் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு வைக்கிறவர் அவர்தான்.

மலாக்காவிலும் மற்ற மாநிலங்களிலும் கோவில் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் வாடகைக்கு விடும் மண்டபம் வார நாட்களின் காலையில் பூட்டித்தான் கிடக்கிறது. அதைத் திறந்து விடுங்கள். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலிகளும், வழுக்காத தரையும், பழகிய ஒருவர் கண்காணிப்பும் இருந்தால் போதும். நம் தாய்மார்களும் தந்தைமார்களும் அங்கே வந்து, யாருக்காகவும் இல்லாமல், ஒரு தடவை இடப்பக்கம் திரும்பட்டும்.